நூற்றுப் பன்னிரண்டு நெற்றிகள்

இருபத்து மூன்று. கட்டைவிரலைச் சிமிழில் தொட்டு எடுக்கிறேன். நெற்றியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு, தூய ஆவியின் முத்திரையைப் பெற்றுக்கொள், ஆமென், கன்னத்தில் லேசாக ஒரு தட்டு, அமைதி உன்னோடு இருப்பதாக, அடுத்தது. கன்னத்தில் தட்டுவதைச் சடங்கிலிருந்து எடுத்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் விடவில்லை. எனக்கு இதே உறுதிபூசுதலைக் கொடுத்த பிரெஞ்சுக்கார ஆயர் தட்டவில்லை, அறைந்தே விட்டார்; அந்த அறையில்தான் எனக்குத் தேவ அழைத்தல் வந்தது என்று குருமடத்தில் சொல்லிச் சிரிப்பேன். அப்போதெல்லாம் சிரிப்பேன். இருபத்து நாலு. பெயர் ரோஷன். ரோஷன் என்று எந்தப் புனிதர் இருந்தார் என்று கேட்க நாக்கு துடிக்கிறது, இன்றைக்குக் கேட்கக் கூடாது, இன்றைக்கு நான் கேள்வி கேட்கிற இடத்தில் இல்லை. குட்டைப் பிள்ளைகள் முன்னால், நெட்டைப் பிள்ளைகள் பின்னால். உயர வரிசை என் ஏற்பாடு. சம்மனசுபுரத்தில் சும்மா வரிசையில் நில்லுங்கள் என்றால் மேலத்தெரு முன்னாலும் கீழத்தெரு பின்னாலும் தானாக நின்றுவிடும்; யாரும் சொல்ல வேண்டாம். உயரத்துக்குத் தெரு தெரியாது. பிள்ளைக்குப் பின்னால் ஞானத்தாயோ ஞானத்தகப்பனோ நின்று வலது கையைப் பிள்ளையின் தோளில் வைக்க வேண்டும். அந்தக் கைக்கு மேல் கண்ணை உயர்த்துவதில்லை என்று காரில் வரும்போதே முடிவு செய்திருக்கிறேன். நெற்றி, தோள், தோளில் ஒரு கை. அதோடு நிறுத்திக்கொள்வது. யாருடைய முகம் என்று பார்த்தால் எந்தத் தெரு எத்தனை பேர் என்று எண்ண ஆரம்பித்துவிடுவேன், எண்ண ஆரம்பித்தால் குரல் போய்விடும். இருபத்தைந்து. ஆமென்.

இதே பிள்ளைகள். ஐந்து வாரம் முன்பு இதே கோயிலில் இதே படியில் நின்று இதே நூற்றுப் பன்னிரண்டு நெற்றியில் பூசினேன், அது செல்லாது. எண்ணெய் மாறிப்போனது. ஒரு பேராயர் செய்யக்கூடிய தப்புகளை ஒரு பட்டியலாகப் போட்டால் இது கடைசியில்கூட வராது, யாருக்கும் தோன்றாது. வருஷத்துக்கு ஒரு முறை பெரிய வியாழனை ஒட்டி மூன்று எண்ணெயை மந்திரிக்கிறோம். நோயாளிகளுக்கு ஒன்று, ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுகிறவர்களுக்கு ஒன்று, மூன்றாவது கிறிஸ்மா. கிறிஸ்மாவில்தான் வாசனைத் தைலம் கலப்பது. உறுதிபூசுதலுக்கு அது ஒன்றுதான், வேறு எதைப் பூசினாலும் நெற்றியில் எண்ணெய் வைத்த மாதிரிதான். மூடியைத் திறந்தால் வீடு முழுக்க மணக்கும் என்பார்கள். என்பார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், எனக்கு மணம் போய் மூன்று வருஷமாகிறது. ஒரு காய்ச்சலில் போனது, திரும்பவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. எழுபத்து மூன்று வயது, இரண்டு வருஷத்தில் ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டியவன், அதற்கு முன்னால் எழுத வைக்க எத்தனை பேர் ரோமைக்கு மனு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கிழவனுக்கு மூக்கும் போய்விட்டது என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும் என்று நானே எடுத்துக் கொடுப்பேனா. முப்பது. இல்லை, முப்பத்தொன்று. அன்றைக்குச் செயலாளர் ஃபாதர் தார்சிஸ் அலமாரியிலிருந்து சிமிழை எடுத்து வந்தார். இரண்டு சிமிழும் ஒரே அச்சு, ஒரே வெள்ளி. ஐந்து நாள் கழித்து காலைச் சாப்பாட்டு மேசையில் வந்து நின்றார், இரண்டு கையிலும் இரண்டு சிமிழ். "ஆண்டவரே, இத முகர்ந்து பாருங்க" என்றார். ஆயர்களை ஆண்டவர் என்று கூப்பிடுவது நம் ஊர் வழக்கம். நல்ல வழக்கம் இல்லை, அதை இப்போது யோசித்து என்ன. முகர்ந்தேன். தலையை ஆட்டினேன். "இதையும்" என்றார். அதற்கும் ஆட்டினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் நான்தான் கேட்க வேண்டியிருந்தது. "இதில் எது எது ஃபாதர்?" அந்தப் பிள்ளை அப்படியே உட்கார்ந்துவிட்டது. கிறிஸ்மாச் சிமிழ் விளிம்பு வரை அப்படியே இருந்தது. நோயாளிகளின் தைலம் பாதிக்கு மேல் காலி.

முப்பத்தெட்டு. நெற்றி முழுக்கப் பவுடர், விரல் வழுக்குகிறது. "யாருக்கும் தெரியாது ஆண்டவரே. திருச்சபை ஈடு செய்யும்னு சட்டத்துல இருக்கே" என்றார் தார்சிஸ். இருக்கிறது. எனக்கா தெரியாது, ரோமையில் ஐந்து வருஷம் அதைத்தானே படித்தேன். அதிகாரத்தில் குறை இருந்தால் திருச்சபை ஈடு செய்யும். எண்ணெயில் குறை இருந்தால் செய்யாது. அதைச் சொன்னேன். ஆனால் அந்தப் பகல் முழுக்க, அதற்கடுத்த பத்து நாளும், எனக்குள் வேறொருவன் வாதாடிக்கொண்டே இருந்தான். நல்ல வக்கீல். பிள்ளைகள் நம்பி வாங்கினார்கள், நீ நம்பிக் கொடுத்தாய், கடவுள் என்ன எண்ணெய்க் கடையா வைத்திருக்கிறார், நாலு பேருக்குத் தெரியாமல் இருக்கிற வரைக்கும் யாருக்கு என்ன நஷ்டம் என்றான். நஷ்டம் என்ன என்று எனக்குத் தெரியும். வேறு யாராவது ஆயர் என்றால் இந்த வக்கீலிடம் தோற்றுப்போய்ச் சுகமாகத் தூங்கியிருக்கலாம். என்னால் முடியாது, ஏனென்றால் இதே ஊரில் பதினாலு கல்யாணத்தைச் செல்லாது என்று சொன்னவன் நான். கோயில் பூட்டிக் கிடந்த வருஷங்களில் மேலத்தெருக்காரர்கள் எங்கிருந்தோ ஓய்வுபெற்ற குரு ஒருவரைக் கூட்டி வந்து கல்யாண மண்டபத்தில் தாலி கட்டிக்கொண்டார்கள். அந்தக் குருவுக்கு இங்கே கல்யாணம் மந்திரிக்க அதிகாரம் கிடையாது. கோயில் திறந்த கையோடு பதினாலு ஜோடியையும் வரவழைத்து மறுபடி பீடத்துக்கு முன்னால் நிறுத்தினேன். கைக்குழந்தையோடு நின்றார்கள். ஒருத்தி எட்டு மாசக் கர்ப்பம். இத்தனை நாள் நாங்கள் என்ன வைப்பாட்டியா என்று ஒருத்தி கேட்டாள். ஊர்த் தலைவர் மதலைமுத்து கேட்டார், அவர் இரண்டாவது மகனும் அந்தப் பதினாலில் ஒருவன்: "ஒரு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு அசிங்கப்படுத்தணுமா ஆண்டவரே?" நான் சொன்னேன்: "செல்லாதது செல்லாது." மூன்று வார்த்தைகூட இல்லை. நாற்பத்தொன்று. ஊர் முழுக்க அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷமாகக் காத்திருந்தது என்று இன்று காலையில்தான் தெரிந்தது.

பூட்டு. என்னைப் பற்றிப் பத்திரிகையில் எழுதும்போது பூட்டுப் பேராயர் என்று போடாமல் விடமாட்டார்கள். சந்தியாகு வியாகுலம் என்று ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் எனக்கே மறந்துவிடும் போல் இருக்கிறது. பதினோரு வருஷம் முன்பு அதிதூதர் திருவிழாவில் சப்பரம் வழக்கம்போல் தண்ணீர்த் தொட்டி முக்கோடு திரும்பியது, கீழத்தெருவுக்குள் போகவில்லை. எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும், இல்லையென்றால் எந்தத் தெருவுக்கும் போகக் கூடாது என்று நான் எழுத்தில் கொடுத்திருந்தேன். அவர்கள் இழுத்தார்கள். மறுநாள் நானே வந்து கோயிலைப் பூட்டினேன். பூசை இல்லை, மணி இல்லை, ஞானஸ்நானம் இல்லை. ஒரு மாசத்தில் வழிக்கு வருவார்கள் என்று நினைத்தேன். ஒன்பது வருஷம். கொடும்பாவி எரித்தார்கள், என் வீட்டு வாசலில் கறுப்புக் கொடி நட்டார்கள், ரோமையிலிருந்து மூன்று கடிதம் வந்தது, மூன்றுக்கும் சட்டப் பிரிவு போட்டுப் பதில் எழுதினேன். அதெல்லாம் எனக்கு உறைக்கவில்லை, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பிடித்தும் இருந்தது. நான்காவது வருஷம் கீழத்தெருக்காரர்களே பத்துப் பேர் வந்தார்கள். சப்பரம் எங்கள் தெருவுக்கு வராவிட்டால் போகிறது, கோயிலைத் திறங்கள், செத்தால் மணியாவது அடிக்கட்டும் என்றார்கள். உங்களுக்காகத்தானே பூட்டினேன் என்றேன். "எங்களக் கேட்டுட்டா பூட்டுனீங்க?" என்றார் ஒரு பெரியவர். கோபப்படாமல் கேட்டார். நான் அவர்களைக் காபி குடிக்கச் சொல்லி அனுப்பினேன். ஐம்பத்து நாலு. ஆமென். கடைசியில் சப்பரமே வேண்டாம் என்று இரண்டு தெருவும் ஒப்புக்கொண்டது, அதுதான் நான் ஒன்பது வருஷத்தில் வாங்கிய வெற்றி. யார் தெருவுக்கும் வராத சப்பரம். அந்த வெறுப்பில்தான் ஞானப்பெற்றோருக்குச் சீட்டுப் போடச் சொன்னேன். ஒரு தகர டப்பாவில் பெரியவர்கள் பெயர், இன்னொன்றில் பிள்ளைகள் பெயர், யாருக்கு யார் விழுகிறதோ அவர்தான். ஞானத்தாய் என்றால் சும்மா இல்லை, ஞான உறவு சாகும்வரை. கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை அவளுக்குத்தான், சாவில் அவள் கையாலும் மண் விழ வேண்டும். முணுமுணுத்தார்கள், ஆனால் நின்றார்கள். ஐந்து வாரம் முன்பு நின்றார்கள். பாதிக்குப் பாதி தோளில் எதிர்த் தெருக் கை. அன்றைக்கு நான் கண்ணை உயர்த்தித்தான் பூசினேன், ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன், எழுபத்து மூன்று வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தோடு பூசியபோதுதான் கையில் இருந்தது வேறு எண்ணெய்.

அறுபது. அறுபத்தொன்று. வெயில் ஜன்னல் வழியாக விழுந்து என் காலில் ஏறிவிட்டது, முழங்கால் கடுக்கிறது. காலையில் பூசைக்கு முன்னால் இந்தப் படியில் நின்று சொன்னேன். எண்ணெய் மாறிவிட்டது, எனக்கு மணம் தெரியாது, மூன்று வருஷமாகத் தெரியாது, மறைத்து வைத்திருந்தேன், தப்பு என் மேல். பிறகு முன் பெஞ்சிலிருந்து மதலைமுத்து எழுந்தார். "செல்லாதது செல்லாதுதானுங்களே ஆண்டவரே" என்றார். பணிவாகத்தான் சொன்னார். பின்னால் யாரோ சிரித்தார்கள். "அப்ப அன்னைக்கு நின்ன ஞானத்தாய் ஞானத்தகப்பன்மாரும் செல்லாதுல்ல?" ஆமாம் என்றேன். "இந்தத் தடவ நாங்களே ஆளு பாத்துக்கலாமில்ல? சீட்டுப் போட்டுத்தான் நிக்கணும்னு சட்டத்துல இருக்குங்களா?" இல்லை. சட்டத்தில் இல்லை. எனக்கு எந்தப் பிரிவு என்றுகூடத் தெரியும், அந்தப் பிரிவு அவர் பக்கம் நின்றது. இல்லை என்று சொன்னேன். அவர் அதோடு உட்காரவில்லை. "எம் பேத்தி அக்சீலியாவுக்கு அன்னைக்குக் கீழத்தெரு சலேத்மேரி நின்னுச்சு. நின்ன புள்ளைக்கே உறுதிபூசுதல் ஆகல. ஆகாத ஆளு அடுத்தவங்களுக்கு ஞானத்தாயா நிக்கலாமா?" பெண்கள் பக்கத்திலிருந்து சலேத்மேரி எழுந்தாள். இருபத்தைந்து வயது, தையற்காரி, அன்றைக்குப் பிள்ளைகள் உடுத்திய வெள்ளைக் கவுன்களில் பாதிக்கு மேல் அவள் தைத்தது. கோயிலைப் பூட்டிய வருஷம் அவள் உறுதிபூசுதல் வகுப்பில் இருந்தாள். வகுப்பு முடிந்து பூசுவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது பூட்டினேன். திறந்தபோது இருபத்தொரு வயதுக்கு மேற்பட்டவர்கள் கல்யாணத்துக்கு முன்னால் தனியாக வாங்கிக்கொள்ளட்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியதும் நான்தான். சட்டப்படி அவள் நிற்கக் கூடாது. அதையும் சொன்னேன். எல்லாவற்றையும் நானே என் வாயால் சொன்னேன், சவரக்கத்தியை விழுங்கியவன் மாதிரி.

அப்போது அவள் பேசியது ஒரே ஒரு வாக்கியம். என்னைப் பார்த்துப் பேசவில்லை, பக்கத்தில் இருந்தவளிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள், கோயிலில் சத்தமில்லாததால் எல்லோருக்கும் கேட்டது. "எங்கம்மாவுக்குக் கெடைக்காத தைலம் புள்ளைகளுக்குப் போயிருக்கு." அறுபத்தொன்பது. எண்ணிக்கை சரிதானா. ஸ்டெனி என்று ஒரு பெயர், ஆணா பெண்ணா, பெண். சலேத்மேரியின் அம்மா, கோயில் பூட்டியிருந்த ஆறாவது வருஷம் இறந்துபோனாள். அந்தச் சேதி அப்போதே எனக்கு வந்தது, வட்டாரப் பங்குகளைப் பார்த்துக்கொள்ளும் மறைவட்டத் தலைவர் அனுப்பிய காகிதத்தில் ஒரு வரி. நோயாளிகள் அருகிலுள்ள பங்குக்குக் கொண்டுசெல்லப்படலாம் என்று என் சுற்றறிக்கையில் இருந்தது. கொண்டுசெல்லப்படலாம். எவ்வளவு நல்ல தமிழ். அருகிலுள்ள பங்கு பதினோரு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள், பஞ்சாலை தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. அந்த எண்ணெயைத்தான் நான் ஐந்து வாரம் முன்பு ஆரோக்கியமான நூற்றுப் பன்னிரண்டு நெற்றியில் தாராளமாகப் பூசித் தீர்த்தேன். குருவை ஊருக்குள் அனுப்பியிருக்கலாம். சாகக் கிடப்பவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை என்று சட்டமே சொல்கிறது. ஆனால் ஒரு குருவை உள்ளே விட்டால் அடுத்த வாரம் ஒரு பூசை, அதற்கடுத்து ஒரு கல்யாணம், பூட்டுக்கு மரியாதை போய்விடும் என்று பயந்தேன். பூட்டுக்கு மரியாதை. எழுபத்து மூன்று. என் வயசு நம்பர். ஆமென். எதற்காகப் பூட்டினேன், கீழத்தெருக்காரர்கள் மனுஷர்கள் என்று மேலத்தெருக்காரர்களுக்குப் புரிய வேண்டும் என்று. எனக்குப் புரிந்திருந்ததா. அந்தப் பெரியவரைக் காபி குடிக்கச் சொன்னேனே, உட்காரச் சொன்னேனா. நினைவில்லை. உட்கார நாற்காலி இருந்தது, அது நினைவிருக்கிறது. பிழை என்று ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு சிமிழ் மாறிப்போக வேண்டியிருந்தது. சிமிழ் மாறியதை ஒத்துக்கொண்ட வாய்க்கு இதை ஒத்துக்கொள்ள இன்று காலை தைரியம் வரவில்லை. அவள் சொல்லி முடித்ததும் நான் பாடலைத் தொடங்கச் சொன்னேன்.

எண்பது. எண்பத்தொன்று. கைகளைப் பார்த்துக்கொண்டே வருகிறேன். காரில் வரும்போது கையைப் பார்த்தால் தெரு தெரிந்துவிடும் என்று பயந்தேன். ஒன்றும் தெரியவில்லை. வெடித்த கை, மருதாணிக் கை, வாட்ச் கட்டிய கை, மோதிரம் போட்ட கை, நகத்துக்குள் மண் இருக்கிற கை, எல்லாத் தெருவிலும் வயல் இருக்கிறது, எல்லாத் தெருவிலும் ஒருத்தன் துபாயில் இருக்கிறான். பதினோரு வருஷமாக இந்த ஊரின் இரண்டு தெருவைப் பற்றி நான் எழுதிய காகிதம் ஒரு பீரோ கொள்ளும், ஒரு கையைப் பார்த்து எந்தத் தெரு என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆக ஒருவேளை சிலர் சீட்டில் விழுந்த ஆளையே மறுபடி கூப்பிட்டிருக்கலாம். ஒருவேளை ஒருவரும் கூப்பிடாமல் அவரவர் தெருவுக்குள்ளேயே முடித்திருக்கலாம். கண்ணை உயர்த்தினால் தெரியும், உயர்த்தமாட்டேன். பயம்தான், வேறு என்ன. எனக்குத் தெரிந்த ஒரே கை மதலைமுத்துவின் கை. வலது சுட்டுவிரலில் ஒரு கணு இல்லை, கரும்பு ஆலையில் போனது. அந்தக் கை அக்சீலியாவின் தோளில் வரும். பதினைந்து வயதுக்கு நெட்டையான பெண், வரிசையின் வால் பக்கம் எங்கோ நிற்கிறாள். சலேத்து வீட்டுக்கு இந்த ஐந்து வாரத்தில் நாலைந்து தடவை போயிருக்கிறாள் என்று பங்குச்சாமியார் சொன்னார், ஜாக்கெட் தைக்கக் கற்றுக்கொள்ள, அங்கேயே சாப்பிட்டிருக்கிறாள், தாத்தாவுக்குத் தெரியாமல், அம்மா கிளாராவுக்குத் தெரிந்து. அதைக் கேட்டபோது நான் எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டேன். ஒன்பது வருஷப் பூட்டு செய்யாததை ஒரு ஜாக்கெட் செய்கிறது என்று அல்ல. இப்போது நான் போய் அதைக் கலைக்கப் போகிறேன் என்று. எண்பத்தொன்பது. எலுமிச்சைத் துண்டில் விரலைத் துடைத்துக்கொள்கிறேன், தார்சிஸ் சிமிழை மறுபடி நீட்டுகிறார், நீட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அவரே முகர்ந்து பார்க்கிறார். பாவம், ஆயுசுக்கும் இனி முகர்ந்துகொண்டே இருப்பார்.

தொண்ணூற்றாறு. தொண்ணூற்றேழு. பையன்கள் இப்போது என்னைவிட உயரம், குனியச் சொல்ல வேண்டியிருக்கிறது. மீசை இருக்கிறது. இருபத்தொரு வயசுக்காரன் ஒருவன், பத்து வயதில் கோயிலைப் பூட்டியபோது மதில் ஏறிக் கல் எறிந்தவனாக இருக்கலாம். ஆமென் என்று கனமாகச் சொல்கிறான். நூற்று இரண்டு. நூற்று மூன்று. நூற்று நாலு. அடுத்த வெள்ளைத் துணி அசைகிறது, அதன் தோளில் கணு இல்லாத விரல் தெரிகிறது, இதற்காகத்தானே வந்தாய், பூசு, பூசிவிட்டு அடுத்ததற்குப் போ. விரலைத் தொட்டு எடுத்துவிட்டேன். அப்போது பக்கவாட்டிலிருந்து யாரோ வந்து அக்சீலியாவுக்கு முன்னால் நிற்கிறார்கள். வெள்ளை இல்லை. பச்சைச் சேலை. பெயர் வாசிக்கிற தார்சிஸ் பட்டியலைத் தடவுகிறார். "ஆண்டவரே, இவங்க இதுல இல்ல" என்று என் காதருகில் சொல்கிறார். எனக்கு முன்னால் ஒரு கை ஒரு அட்டையை நீட்டுகிறது. கட்டைவிரல் நுனியில் ஊசிக் குத்துகள். பழுத்துப்போன அட்டை, மறைக்கல்வி வகுப்பு முடித்ததற்குச் சான்று, பதினோரு வருஷம் முந்தைய தேதி, அப்போதிருந்த பங்குக் குருவின் கையெழுத்து, பங்கு முத்திரை. சலேத்மேரி, வயது பதினாலு. "வகுப்பு முடிச்சிருக்கேன். பூசத்தான் இல்ல" என்கிறாள். அவள் தோளில் ஒரு கை இருக்கிறது. கண்ணாடி வளையல் போட்ட கை. அந்தக் கைக்குச் சொந்தக்காரி சொல்கிறாள்: "ஞானத்தாயா நான் நிக்கிறேன் ஆண்டவரே. எனக்கு ஆயிருச்சு, பதிவுல பாத்துக்கங்க." பின்னாலிருந்து மதலைமுத்துவின் குரல், "கிளாரா." அவள் திரும்பவில்லை. "கிளாரா, இங்க வா." கை எடுபடவில்லை. நான் சட்டம் தேடுகிறேன், பழக்கம், வேறு எதைத் தேடுவது. ஒரு வரி தடையும் இல்லை. வகுப்பு முடித்தவள், கேட்கிறாள், ஞானத்தாய் இருக்கிறாள், எண்ணெய் சரியான எண்ணெய். சலேத்மேரி, தூய ஆவியின் முத்திரையைப் பெற்றுக்கொள். ஆமென் என்கிறாள். பதினோரு வருஷம் தாமதம். அவள் நகரமாட்டாள் என்று நினைக்கிறேன், நகர்கிறாள், அக்சீலியாவைச் சுற்றிப் பின்னால் போய் மதலைமுத்துவுக்குப் பக்கத்தில் நின்று, நெற்றியில் எண்ணெய் காயாமலே, அந்தப் பெண்ணின் மற்றத் தோளில் கையை வைக்கிறாள்.

இரண்டு தோளிலும் இரண்டு கை. "இப்ப நான் நிக்கலாமில்ல? சட்டப்படி சரிங்களா?" என்று சலேத்மேரி கேட்கிறாள். கெஞ்சவில்லை, துணி அளவு சரியா என்று கேட்கிற குரல். நான் கண்ணை உயர்த்துகிறேன். மதலைமுத்துவை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. கண்ணில் புரை விழுந்திருக்கிறது, என்னைவிட இரண்டு வயசு கூட இருப்பார். எனக்கு அவர் மேல் கோபமே இல்லை என்பது எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. "சரி. ஆனால் ஒருவர்தான் நிற்க முடியும்" என்கிறேன். "அப்ப நான் நிக்கிறேன், மொதல்ல வந்தவன் நான்" என்கிறார் அவர். "ஞானத்தாயைத் தேர்ந்தெடுக்கிற உரிமை பெற்றவர்களுக்கு. தாத்தாவுக்கு இல்லை. அதுவும் சட்டம்தான்." கிளாராவைப் பார்க்கிறேன். அவள் புருஷன் ஆண்கள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான், வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "சலேத்து" என்கிறாள் கிளாரா. அவ்வளவுதான். கணு இல்லாத விரல் தோளை விட்டுப் போக நேரமாகிறது. நான் அவசரப்படுத்தவில்லை, ஒன்பது வருஷம் எடுத்துக்கொண்டவன் அவரை அவசரப்படுத்தக் கூடாது. போகிறது. அவர் பெஞ்சுக்குப் போகவில்லை, தூணோரமாக ஒதுங்கி நிற்கிறார்.

எனக்கும் சலேத்மேரிக்கும் நடுவில் இப்போது அக்சீலியாவின் தலை மட்டும்தான். இவ்வளவு பக்கத்தில் அவள் முகம் மறுபடி எனக்குக் கிடைக்காது. "உன் அம்மா விஷயத்தில் நான் செய்தது" என்று ஆரம்பிக்கிறேன், குரல் எனக்கே கேட்கவில்லை, அவளுக்குக் கேட்டது. என்னைப் பார்க்கிறாள். வெறுப்பு இல்லை, இரக்கமும் இல்லை.

"அது வேற ஆண்டவரே. புள்ளைக்குப் பூசுங்க."

பூசுகிறேன்.